நாலணா, எட்டணா, துட்டு, சல்லி: சில்லறையில் வரும் பழைய காசுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் மீதி வாங்கும்போது கைக்கு வரும் பழைய காசுகள், பாட்டி பெட்டியின் அடியில் கிடக்கும் செப்புக் காசுகள், அவற்றுக்கு நம் ஊர்களில் வழங்கும் பெயர்கள் ஆகியவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. "இதற்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேரே பின்பாதிக்குப் போகலாம். பெரும்பாலும் ஏமாற்றம்தான் காத்திருக்கிறது, முன்பே சொல்லிவிடுகிறேன். காசைவிடக் காசின் பெயர்தான் சுவாரஸ்யமானது என்பது என் கட்சி.

மீதிச் சில்லறையில் இன்றைக்கு உண்மையில் என்ன பழைய காசு வரும்?

வெள்ளி ரூபாய் வராது. ஓட்டைக் காலணாவும் வராது. வருவதெல்லாம் நம் காலத்துப் பழசு: 1992 முதல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய், பதினொரு பக்கம் உள்ள, இந்திய வரைபடம் போட்ட இரண்டு ரூபாய், கையில் வைத்தாலே கனம் தெரிகிற அந்தத் தடித்த ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாயும் இப்போது அருகிவிட்டது. அதில் இருந்த உலோகத்தின் மதிப்பு காரணமாக, எல்லை தாண்டிக் கடத்தி உருக்கி பிளேடு செய்கிறார்கள் என்று 2007 வாக்கில் செய்திகள் வந்தன. பிறகு வந்த காசுகள் லேசாகிவிட்டன.

இவற்றோடு தலைவர்கள், விழாக்கள் நினைவாக வெளியிட்ட காசுகளும் சாதாரணமாகவே புழங்குகின்றன. எப்போதாவது காண்டாமிருகம் போட்ட 25 பைசா ஒன்று இரண்டு ரூபாய்களுக்கு நடுவே பதுங்கி வரும். சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா நாட்டுக் காசுகளும் அப்படியே வந்து மாட்டும்.

அதற்கும் முந்தைய காசுகள் வெளியே வருவது வேறு வழியாக. நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தது, கோயில் உண்டியலில் விழுந்தது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் தங்கியது என்று அவை நின்ற இடங்களே தனி. வேண்டுதல் மறந்து போயிருக்கும், காசு மட்டும் அப்படியே இருக்கும்.

அணா ஒழிந்து இத்தனை வருடம் ஆகியும் ஏன் நாலணா, எட்டணா என்கிறோம்?

இதற்கு நல்ல விடை கணக்கில்தான் இருக்கிறது.

பழைய முறையில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா, அதாவது நாலு காலணா. இன்னும் கீழே போனால் ஓர் அணாவுக்கு 12 பை. அந்தப் பையைத்தான் தம்பிடி என்றார்கள். ஆக ரூபாய்க்கு 64 பைசா, 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்று இந்த முறை போய், ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற தசம முறை வந்தது.

இப்போது மாற்றிப் பாருங்கள். ஓர் அணா என்பது 6.25 பைசா. இப்படி ஒரு காசு கிடையாது, அதனால் 6 என்று வைத்தார்கள். இரண்டணா 12.5 பைசா, அதை 12 ஆக்கினார்கள். மூன்றணா 18.75, அது 19 ஆனது. நாலணாவுக்கு வந்தால்தான் பிசிறில்லாமல் 25. அதேபோல எட்டணா 50, பன்னிரண்டணா 75. கடைக்காரரும் வாங்குபவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளக்கூடிய அணாக்கள் ரூபாய்க்குள் இந்த மூன்று மட்டுமே.

இதில் 25-க்கும் 50-க்கும் தனிக் காசு இருந்தது. பழைய கால் ரூபாயும் அரை ரூபாயும் போன இடத்தில் புதியவை வந்து உட்கார, பழைய பெயர் அப்படியே அவற்றின் மேல் ஏறிக்கொண்டது. 75-க்குக் காசே இல்லை, அதனால் பன்னிரண்டணா என்ற பேச்சு தேய்ந்து, முக்கால் ரூபாய் என்பதும் எழுபத்தஞ்சு பைசா என்பதும் நின்றன. ஓரணாவும் இரண்டணாவும் ஆட்டத்திலேயே இல்லை: தொகையும் சரியாக வரவில்லை, காசும் இல்லை. ஒரு பெயர் பிழைக்க இரண்டும் வேண்டியிருந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இன்னொரு இடத்திலும் அணா ஒட்டிக்கொண்டது. கூட்டு வியாபாரத்தில் "எனக்கு நாலணா பங்கு, அவருக்கு எட்டணா பங்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கால் பங்கு, அரைப் பங்கு என்று பொருள். அங்கே காசே தேவையில்லை, கணக்கு மட்டும் போதும்.

"முக்காலே மூணு வீசம்" என்பதற்கும் காசுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று, மாகாணி என்பதும் அதே அளவுதான். முக்காலோடு மூன்று வீசம் சேர்த்தால் பதினாறில் பதினைந்து. ஏறக்குறைய முழுசு, ஒரே ஒரு பங்கு குறைவு. "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சது" என்பது அதனால்தான்.

வீசம் தமிழின் சொந்தப் பின்னக் கணக்கு. நிலத்துக்கும் தானியத்துக்கும் வழங்கியது. அணா பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் ரூபாயைப் பதினாறாகப் பிரிக்கும் முறை நம் மக்களுக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் மனக்கணக்கில் அணா கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டணா என்பது அரைக்கால் ரூபாய், ஓரணா என்பது வீசம் ரூபாய். பத்தாகப் பிரித்தது அரசுக்கு வசதி. பாதியாகப் பிரித்தது சந்தையில் நின்றவர்களுக்கு வசதி.

துட்டு, சல்லி, தம்பிடி, காசு, பணம் எல்லாம் ஒன்றுதானா?

இன்று பேச்சில் ஒன்றுதான். ஒரு காலத்தில் ஒவ்வொன்றும் தனித்தனிக் காசு.

பணம் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பொதுச்சொல் ஆவதற்கு முன் ஒரு குறிப்பிட்ட சிறு காசின் பெயர். கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்து மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. ரூபாய் கணக்கில் வராகன் ஏறக்குறைய மூன்றரை ரூபாய். 1818-இல் மதராஸ் மாகாணம் ரூபாய் கணக்குக்கு மாறியது. வராகன் கதைகளுக்குள் போய்விட்டது, பணம் மட்டும் எல்லா நாணயத்துக்கும் பெயராகித் தப்பித்தது.

துட்டு டச்சுக்காரர்களின் சிறு செப்புக் காசுப் பெயரிலிருந்து வந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள். கோட்டையெல்லாம் போயிற்று, "கையில துட்டு இல்ல" என்பது சென்னையிலும் தெற்கேயும் இன்னும் ஓடுகிறது. தம்பிடி அணாவில் பன்னிரண்டில் ஒன்று என்பதை மேலே பார்த்தோம். இப்போது "தம்பிடி பெறாது" என்று திட்டுவதற்கு மட்டும் வெளியே வரும். சல்லிக்காசும் அப்படித்தான், ஆனால் அது மாட்டுக் கொம்பில் ஏறி நிலைத்துவிட்டது: கொம்பில் கட்டிய சல்லிக்காசு முடிப்பை அவிழ்க்கும் விளையாட்டு என்பதாலேயே சல்லிக்கட்டு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். டப்பு தெலுங்கிலிருந்து வந்து சென்னையில் குடியேறியது.

கவனித்தால் ஒன்று தெரியும். மதிப்பில் மிகச் சிறிய காசுகளின் பெயர்கள்தான் வசவில் பிழைத்திருக்கின்றன: காலணாவுக்குப் பிரயோஜனமில்லை, சல்லிக்காசு தேறாது, தம்பிடி பெறாது, அஞ்சு பைசாவுக்கு ஆக மாட்டான். வராகனை வைத்து யாரும் யாரையும் திட்டுவதில்லை. எட்டணாவும் இப்போது மெல்ல இந்த வரிசையில் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஆங்கிலத்தில் ரொக்கத்தைச் சொல்லும் "கேஷ்" நம் "காசு"தானே?

பாதி உண்மை. கிழக்கு நாடுகளின் சிறு காசுகளை ஐரோப்பியர்கள் "கேஷ்" என்று எழுதியது நம் காசிலிருந்து, போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போனது. ஆனால் வங்கியில் "கேஷ் கவுன்டர்" என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல் பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் வேறு வேறு கிளைகள், எழுத்தில் ஒன்றாகிவிட்டன.

எங்கள் ஊர்ப் பக்கம் வேறு பெயர்கள் சொல்வார்கள். ஏன் இப்படி ஊருக்கு ஊர் மாறுகிறது?

ஊருக்கு ஊர் அரசாங்கமே மாறியதால்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. திருவிதாங்கூருக்குத் தனி நாணயம்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பதினாறாலும் வகுபடாது, பத்தாலும் வகுபடாது. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சங்கு முத்திரை போட்ட சின்னச் செப்புக் காசுகள் கிடைத்தால் அவை இந்த வகை.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு. பிரகதாம்பாள் அம்மன் ஒரு பக்கம், "விஜய" என்ற தெலுங்கு எழுத்து மறுபக்கம். விரல் நகத்தளவுதான் இருக்கும். ஓர் அணாவுக்கு 20, ஆக ரூபாய்க்கு 320. நவராத்திரி சமயத்தில் அரிசியோடு சேர்த்து இதைத் தானமாகக் கொடுத்தார்கள். பழைய காசு சேர்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சின்னது, அழகானது, நம் ஊர்க் கதை உள்ளது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் அவர்களுடைய லில்லிப் பூ, இன்னொரு பக்கம் தமிழில் "புதுச்சேரி". காரைக்கால் பெயர் போட்டதும் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் தங்கள் காசை அடித்தார்கள். காவிரிக் கழிமுகத்தில் கிடைக்கிற சின்னச் செப்புத் துண்டுகளைப் பார்த்து "இது சோழர் காசு" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

இலங்கை, மலேசியத் தமிழர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

இலங்கையில் பைசா கிடையாது, சதம்தான். ரூபாயும் சதமும். காசு என்பது அங்கே பணத்துக்கே பொதுச்சொல். "காசு அனுப்பினவன்" என்றால் சில்லறை அனுப்பினான் என்று பொருளில்லை. சல்லியும் அங்கே உயிரோடு இருக்கிறது, சிங்களத்திலும் பணத்துக்கு அதுதான் பேச்சுச் சொல்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெள்ளி. பழைய வெள்ளி டாலரின் உலோகப் பெயர் அப்படியே நாணயத்தின் பெயராகிவிட்டது. ரிங்கிட்டையும் வெள்ளி என்பார்கள், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்பார்கள். "அம்பது வெள்ளி" என்று உறவினர் சொன்னால் கிழமையைத் தேடாதீர்கள்.

"நயா பைசா" என்பது என்ன? சாதா பைசாவிலிருந்து வேறா?

வேறு இல்லை. 1957-இல் புதுப் பைசா வந்தபோது ரூபாயில் 64-இல் ஒன்றான பழைய பைசாவும் கையில் இருந்தது. குழப்பம் வராமல் இருக்கப் புதியதற்கு "நயா" என்று அடைமொழி கொடுத்தார்கள், இந்தியில் "புதிய" என்று பொருள். 1964 ஜூன் 1 முதல் அந்த அடைமொழியை எடுத்துவிட்டார்கள். காசில் "நயா" என்று இருந்தால் அது 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. ஆனால் "நயா பைசா தர மாட்டேன்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏழு வருடம் மட்டுமே அதிகாரபூர்வமாக இருந்த ஒரு சொல்லுக்கு இது நல்ல ஆயுசு.

பைசா இன்றும் நிஜமாகப் புழங்கும் இடம் வட்டிக்கடை. "அம்பது பைசா வட்டி", "ஒண்ணரை ரூபா வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு அவ்வளவு. ஐம்பது பைசா வட்டி என்பது வருடத்துக்கு 6 சதவீதம். கேட்கக் குறைவாகத் தெரிகிற "மூணு ரூபா வட்டி" வருடத்துக்கு 36 சதவீதம். நகையை வைக்கும் முன் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

ஓட்டைக் காலணா என்றால் ஓட்டை போட்ட காசா, செல்லாத காசா?

ஓட்டையோடேயே அடித்த, செல்லுபடியான காசு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாடு. 1943 முதல் 1947 வரை ஒரு பைசாக் காசை நடுவில் துளையிட்டு, வளையம் போல வெளியிட்டார்கள். துளையில் மிஞ்சிய வெண்கலம் மிச்சம். மக்கள் அதைக் கயிற்றில் கோத்து வைத்தார்கள், போல்ட்டுக்கு வாஷராகவும் போட்டார்கள். காசே வாஷரைவிட மலிவு என்ற நிலை. ஏராளமாக அடித்ததால் இன்றும் எளிதில் கிடைக்கிறது, பெரிய விலை எதுவும் கிடையாது.

"பூவா தலையா" என்பதில் பூ எங்கே இருக்கிறது?

இப்போது இல்லை. பிரிட்டிஷ் காலத்துக் காசில் ஒரு பக்கம் ராஜா அல்லது ராணியின் தலை, மறுபக்கம் மதிப்பைச் சுற்றிப் பூவும் கொடியுமாக வேலைப்பாடு. 1950 ஆகஸ்ட் 15 அன்று குடியரசின் முதல் காசுகள் வந்தபோது ராஜா தலை போய் அசோகச் சிங்கம் வந்தது. மறுபக்கம் குதிரை, காளை, கதிர் என்று மாறியது. சிங்கத்துக்கும் தலை உண்டு என்பதால் பேச்சை யாரும் மாற்றவில்லை. மதிப்பு எண் உள்ள பக்கம் பூ. அதன் மேல் பூ இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

50 பைசா செல்லுமா? 25 பைசா?

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. நாலணா சட்டப்படி இறந்தது அன்றுதான். 50 பைசா இன்றும் செல்லும், எட்டணாவுக்கு உயிர் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 50 பைசாவை 10 ரூபாய் வரைக்கும், ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளையும் 1,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம். கடையில் வாங்க மாட்டேன் என்பார்கள். அது கடை வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பத்து ரூபாய்க் காசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி என்று ஒரு வதந்தி கிளம்பி, தமிழ்நாட்டில் பல ஊர்களில் அதை வாங்க மறுத்தார்கள். குறியீடே 2010-இல்தான் ஏற்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் உதயகுமார் என்ற தமிழர். முந்தைய காசில் அது எப்படி இருக்கும்? பதினான்கு வடிவங்கள் வெளிவந்துள்ளன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது.

வருடத்துக்குக் கீழே உள்ள புள்ளி, நட்சத்திரம் எதற்கு?

எந்த ஆலையில் அடித்தது என்பதற்கு. புள்ளி என்றால் நொய்டா, ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைர வடிவம் என்றால் மும்பை. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. நம்மிடமும் ஆலை இருந்தது: சென்னை தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்த அந்த ஆலையை 1869-இல் மூடிவிட்டார்கள். தேவை அதிகமான சில வருடங்களில் வெளிநாட்டிலும் அடித்து வரவழைத்தார்கள். 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் "எச்" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமில் அடித்தது. சேகரிப்பவர்கள் ஒரே காசை நாலு முறை வாங்குவது இந்தக் குறிகளுக்காகத்தான்.

இரண்டு ரூபாயில் சிலுவை இருக்கிறதே, அது என்ன?

2000-களின் நடுவில் வந்த வடிவம். வேற்றுமையில் ஒற்றுமையைக் காட்ட, நான்கு பேர் கைகோத்து ஓருடலாக நிற்பதுபோல வரைந்தது என்பது அரசின் விளக்கம். பார்த்தவர்களுக்குச் சிலுவையாகத் தெரிந்தது, எதிர்ப்பு கிளம்பியது. 2007-இல் விரல் முத்திரை போட்ட காசுகள் வந்து அந்த இடத்தைப் பிடித்தன: ஒரு ரூபாய்க்குக் கட்டைவிரல், இரண்டு ரூபாய்க்கு இரண்டு விரல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும், எனக்குப் பிடித்த வரிசை அது.

தமிழ் எழுத்து உள்ள இந்தியக் காசு உண்டா?

அன்றாடக் காசுகளில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும்தான். ஜார்ஜ் மன்னர் காலத்து நிக்கல் கலந்த இரண்டணாவில் உள்ள தென்னிந்திய எழுத்தைப் பார்த்துத் தமிழ் என்று சிலர் சொல்வார்கள், அது தெலுங்கு. அதற்கு முன், கும்பினியாரின் மதராஸ் காசுகள் சிலவற்றில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே இருந்தன.

குடியரசுக் காசுகளில் 2009-இல் வந்த பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயைத் தேடிப் பாருங்கள். அவருடைய தமிழ்க் கையெழுத்து அதில் அப்படியே பொறிக்கப்பட்டிருக்கிறது. தஞ்சையில் 1995-இல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர் உருவத்தோடு காசுகள் வந்தன. காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாயும், பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு ஐந்து ரூபாயும் உண்டு. இவை நான்கையும் கைச்சில்லறையிலேயே பார்க்க வாய்ப்பிருக்கிறது, காசு கொடுத்து வாங்க அவசரப்பட வேண்டாம்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாமே?

தர மாட்டார்கள். நீங்கள்தான் தருவீர்கள். இந்த ஏமாற்று இப்படி நடக்கும்: உங்கள் காசுக்கு லட்சங்கள் விலை பேசுவார்கள், பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று உங்களிடமிருந்தே சிறுகச் சிறுகக் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இதைச் செய்ததால், தாங்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலில் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. முன்பணம் கேட்கிற எவரும் வாங்குபவர் இல்லை.

எங்கள் வீட்டில் 1818 என்று போட்ட ராமர் காசு இருக்கிறது. அரிசியை இழுக்குமாமே?

கிழக்கிந்தியக் கம்பெனி ராமரையோ அனுமனையோ போட்டுக் காசு அடிக்கவில்லை. 1818, 1839 போன்ற வருடங்களோடு வருபவை பிற்காலத்தில் செய்த கோயில் வில்லைகள். பூஜையில் வைக்கலாம், தப்பில்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் போகும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பெரும் மோசடிக்காரர்கள். தமிழ்நாட்டில் இதற்காகச் சொத்தை விற்றவர்களே உண்டு.

தாத்தா வைத்திருந்த வெள்ளி ரூபாய்க்கு என்ன மதிப்பு?

முதலில் வருடத்தைப் பாருங்கள். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் கால ரூபாய் 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி, சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை உள்ளதில் பாதிதான் வெள்ளி. 1947-இல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது.

பெரும்பாலானவற்றுக்கு வெள்ளி விலையை ஒட்டித்தான் மதிப்பு. விதிவிலக்குகளில் ஒன்று 1911-ஆம் ஆண்டு ரூபாய். மன்னர் அங்கியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி போலத் தெரிந்தது, பெரும் எதிர்ப்பு வந்து பலவற்றைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். அடுத்த வருடம் யானைக்கு ஒழுங்கான தும்பிக்கை கிடைத்தது. 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது, அதனாலேயே போலிகள் அதிகம். அது கிடைத்தால் துள்ளிக் குதிக்கும் முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யக் கூடாது. பல வருடம் ஏறிய அந்தக் கருமைதான் பழைய காசின் தோல். புளி, எலுமிச்சை, பல்பொடி, சபீனா எதுவானாலும் அதை உரித்துவிடும், விலையும் பாதிக்கு மேல் இறங்கும். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான நீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், தனித்தனிக் காகித உறையில் போடுங்கள்.

வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தால் நமக்கே சொந்தமா?

இல்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் 10 ரூபாய் 1878-இல் பெரிய தொகை, இப்போது எல்லாமே அதைத் தாண்டிவிடும்.  நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசுகளை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மருமகனுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க.

பழைய காசை உருக்கி டாலர், மோதிரம் செய்துகொள்ளலாமா?

இன்று செல்லுபடியாகிற காசை உருக்குவதும் வெட்டுவதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம், ஏழு வருடம் வரை சிறை. பிரிட்டிஷ் காலத்து வெள்ளியை உருக்கி மெட்டியும் கொலுசும் செய்த வீடுகள் ஏராளம். அரிய வருடங்கள் பல அப்படித்தான் காலில் போய்ச் சேர்ந்தன. தட்டானிடம் கொடுக்கும் முன் வருடத்தையாவது படித்துவிடுங்கள்.